லெனாக்ஸ் லூயிஸ் எந்த நாட்டுக்காரர்? மறுபடி ரிங்குக்கு வருவாரா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குத்துச்சண்டை ரசிகர்கள் நாலு பேர் கூடினால் லெனாக்ஸ் லூயிஸ் விஷயத்தில் இரண்டு சண்டை நிச்சயம். அவர் பிரிட்டனுக்குச் சொந்தமா, கனடாவுக்குச் சொந்தமா என்பது ஒன்று. ஓய்வை முறித்துக்கொண்டு திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது இன்னொன்று. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்களில் என் சாய்வும் இருக்கும். அதை மறைக்கப் போவதில்லை.

முதலில், லெனாக்ஸ் லூயிஸ் யார்?

1965 செப்டம்பர் 2 அன்று கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாமில் பிறந்த ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) குத்துச்சண்டை வீரர். ஆறடி ஐந்து அங்குல உயரம். இரண்டு கையையும் விரித்தால் 84 அங்குலம். 44 தொழில்முறைச் சண்டைகளில் 41 வெற்றி, 2 தோல்வி, 1 டிரா. வெற்றிகளில் 32 நாக்அவுட். அந்த இரண்டு தோல்விகளுக்கும் அதே ஆட்களிடம் பழிதீர்த்துக்கொண்டார். டிராவில் முடிந்த சண்டையின் எதிராளி, அமெரிக்கரான ஹோலிஃபீல்டையும் அடுத்த சண்டையில் ஜெயித்தார். ஆக, தொழில்முறையில் அவர் எதிர்கொண்ட எல்லோரையும் ஒருமுறையாவது வென்றிருக்கிறார். ஹெவிவெயிட் சாம்பியன்களில் இப்படிச் சொல்லிக்கொள்ளக்கூடியவர்கள் மிகச் சிலர்தான்.

சரி, எந்த நாட்டுக்காரர்? ஒரே வரியில் சொல்லுங்களேன்.

ஒரே வரியில் முடியுமென்றால் இந்தப் பக்கமே தேவையில்லை. ஜமைக்கப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து, கனடாவில் குத்துச்சண்டை கற்று, அந்த நாட்டுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்து, பிறகு பிரிட்டிஷ் கொடியோடு உலகப் பட்டம் ஜெயித்தவர். யார் எங்கே கோடு கிழிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து பதில் மாறும். என் கோடு எங்கே என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

கனடாவுக்கு எப்படிப் போனார்?

பன்னிரண்டு வயதில், தாய் வயலெட்டோடு வாழப் போனார். ஒன்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் என்ற ஊர். அந்த ஊரின் கதையே சுவாரசியமானது. ஜெர்மானியர்கள் நிறையக் குடியேறிய இடம் என்பதால் 1916 வரை அதன் பெயர் பெர்லின். முதல் உலகப் போரில் ஜெர்மன் எதிர்ப்பு அலை அடித்தபோது ஊர்ப் பெயரையே மாற்றி, ஒரு பிரிட்டிஷ் ராணுவத் தளபதியின் பெயரை வைத்துக்கொண்டார்கள். ‘நீ எந்த நாடு’ என்று கேட்டே ஒருவரை வாழ்நாள் முழுக்கத் துளைத்தார்கள் என்றால், அவர் வளர்ந்த ஊர் இதைவிடப் பொருத்தமாக அமைந்திருக்க முடியாது.

பள்ளியில் அவருடைய கிழக்கு லண்டன் பேச்சைக் கேட்டுப் பையன்கள் கிண்டல் செய்தார்கள். அவரும் கையை நீட்டினார். அந்தக் கைகலப்புகள்தான் அவரை வாட்டர்லூ வட்டாரப் போலீஸ் நடத்திய குத்துச்சண்டைக் கூடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அங்கே ஆர்னி போம் என்ற பயிற்சியாளர் கிடைத்தார். அப்பா இல்லாத வீட்டுப் பையனுக்கு அவர் வெறும் கோச்சாக மட்டும் இருக்கவில்லை. 1983-ல் லூயிஸ் உலக ஜூனியர் சாம்பியன் ஆனது அந்தக் கூடத்திலிருந்துதான்.

கனடாவில் ‘இங்கிலாந்துக்காரப் பையன்’ என்று கேலிக்கு ஆளானவர், பத்துப் பதினைந்து வருடம் கழித்து இங்கிலாந்தில் ‘கனடாக்காரன்’ என்று கேலிக்கு ஆளானார். இரண்டு இடத்திலும் குற்றச்சாட்டு ஒன்றுதான், பேச்சு சரியில்லை.

ஒலிம்பிக்கில் என்ன நடந்தது?

1984 லாஸ் ஏஞ்சலஸில் பத்தொன்பது வயது நிரம்பும் முன்பே கனடாவுக்காக இறங்கினார். காலிறுதியில் அமெரிக்காவின் டைரல் பிக்ஸிடம் தோற்றார். தங்கமும் பிக்ஸுக்கே போனது. அப்போதே தொழில்முறைக்கு வரச்சொல்லி அழைப்புகள் வந்தன. லூயிஸ் தலையசைக்கவில்லை. தங்கம் வாங்காமல் போக மாட்டேன் என்று இன்னும் நாலு வருடம் காத்திருந்தார். நடுவில் 1986 எடின்பரோ காமன்வெல்த் போட்டியில் கனடாவுக்காகத் தங்கம்.

1988 சியோல். அந்த ஒலிம்பிக் கனடாவுக்கு எப்படிப்பட்டது என்பதை மறக்கக் கூடாது. நூறு மீட்டர் ஓட்டத்தில் உலகத்தை வாய்பிளக்க வைத்த பென் ஜான்சன், மூன்றே நாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் பதக்கத்தை இழந்தார். அவரும் ஜமைக்காவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். ஓடி ஜெயித்தபோது கனடியராக இருந்தவரை, மாட்டிக்கொண்டதும் ‘ஜமைக்காவில் பிறந்தவர்’ என்று எழுதத் தொடங்கினார்கள். நாடே தலைகுனிந்திருந்த அந்த வேளையில், போட்டிகளின் கடைசி நாள் லூயிஸ் ரிங்கில் ஏறினார். எதிரே அமெரிக்காவின் ரிடிக் போ. முதல் ரவுண்டு இழுபறி. இரண்டாவது ரவுண்டில் லூயிஸின் வலதுகை சரமாரியாக இறங்கியது. நடுவர் இரண்டு முறை எண்ணிவிட்டுச் சண்டையை நிறுத்தினார். 1932-க்குப் பிறகு கனடாவுக்குக் கிடைத்த முதல் குத்துச்சண்டைத் தங்கம் அது. நிறைவு விழாவில் கனடாவின் கொடியைத் தூக்கி நடந்தவரும் அவரே.

தங்கம் வாங்கிய கையோடு பிரிட்டனுக்குப் போய்விட்டாரே, அது துரோகம் இல்லையா?

கனடாவில் சிலருக்கு அந்தக் கசப்பு ரொம்ப நாள் இருந்தது, நியாயமும் இல்லாமல் இல்லை. ஆனால் நடைமுறையைப் பாருங்கள். அமெச்சூர் குத்துச்சண்டையை நாடு நடத்துகிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையை மேனேஜரும் புரமோட்டரும் டிவியும் நடத்துகிறார்கள். ஒரு ஹெவிவெயிட்டை உலகப் பட்டம் வரை தூக்கிச் செல்லும் பணமும் ஆள்பலமும் அன்றைய கனடாவில் இல்லை. அமெரிக்கா போயிருந்தால் அங்கே ஏற்கனவே இருந்த பத்து ஹெவிவெயிட்களில் பதினோராவது ஆளாக நின்றிருப்பார். லண்டனிலோ ஃபிராங்க் மலோனி என்ற மேனேஜர், பின்னால் பணம் போட ஆள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூடவே, நல்ல ஹெவிவெயிட்டுக்காக நூறு வருடமாக ஏங்கிக் கிடந்த ஒரு நாடு.

1989 ஜூனில் லண்டனில் முதல் தொழில்முறைச் சண்டை. அடுத்த ஆண்டு ஐரோப்பியப் பட்டம். 1991 மார்ச்சில், அதுவரை தோல்வியே காணாத கேரி மேசனை அடித்து பிரிட்டிஷ் பட்டம். கனடாவில் இருந்திருந்தால் இதில் ஒன்றுகூட அவர் எட்டிப்பிடிக்கும் தூரத்தில் இருந்திருக்காது. வேலை கிடைக்கும் ஊருக்குப் போவதைத் துரோகம் என்றால், அவருடைய தாய் கனடாவுக்குப் போனதையும் அப்படித்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

சட்டப்படி அவர் பிரிட்டிஷ் குடிமகனா?

சந்தேகமே வேண்டாம். 1983-க்கு முன் பிரிட்டிஷ் மண்ணில் பிறந்த குழந்தைக்கு, சில விதிவிலக்குகள் தவிர, பிறப்பாலேயே குடியுரிமை உண்டு. பெற்றோர் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை. அதனால் பிரிட்டிஷ் பட்டத்துக்குச் சண்டை போட அவருக்கு முழு உரிமை இருந்தது. ‘பணத்துக்காகப் பாஸ்போர்ட் வாங்கினார்’ என்று பேசுபவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். அவர் திரும்பி வந்தது பிறந்த ஊருக்கு.

அப்படியானால் பிரிட்டிஷ் ரசிகர்கள் ஏன் மனதார ஏற்கவில்லை?

முதல் காரணம் ஃபிராங்க் ப்ரூனோ. பிரிட்டிஷ் மக்களின் செல்லப்பிள்ளை. உலகப் பட்டத்துக்குப் போராடித் தோற்றுத் தோற்றே எல்லோர் மனதிலும் இடம் பிடித்தவர். டிவியில் வந்து சிரிப்பார், கிறிஸ்துமஸ் நாடகங்களில் நடிப்பார். லூயிஸுக்கு இதெல்லாம் வராது. நிதானமாக, கொஞ்சம் விலகி நின்று பேசுவார். ஓய்வு நேரத்தில் செஸ் ஆடுவார். குரலில் லண்டனும் கனடாவும் ஜமைக்காவும் கலந்து வரும்.

1993 அக்டோபர் 1, கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க். அமெரிக்க டிவிக்காக நள்ளிரவு தாண்டி, குளிரில் நடந்த சண்டை. உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக பிரிட்டனில் பிறந்த இருவர் மோதியது அதுதான் முதல் தடவை. அதற்கு முந்தைய வாரங்கள் முழுக்க ‘உண்மையான பிரிட்டிஷ்காரர் யார்’ என்ற பேச்சுதான். விநோதத்தைக் கவனியுங்கள்: இருவருமே லண்டனில் பிறந்தவர்கள், இருவருமே கரீபியனிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள். ப்ரூனோவின் தாயும் ஜமைக்காவைச் சேர்ந்தவர்தான். வித்தியாசம், நடுவில் லூயிஸ் இருந்த அந்தக் கனடா வருடங்கள் மட்டுமே.

முதல் ஆறு ரவுண்டுகள் ப்ரூனோ நன்றாகவே ஆடினார். கூட்டமும் அவர் பக்கம். ஏழாவது ரவுண்டில் லூயிஸின் இடதுகை ஹூக் ஒன்று தாடையில் விழுந்தது. அதன்பின் ப்ரூனோ கயிற்றில் சாய்ந்தபடி அடிவாங்கிக்கொண்டே இருந்தார்; நடுவர் குறுக்கே வந்தார். ஜெயித்தவரைவிடத் தோற்றவருக்கே அன்றைக்கும் அனுதாபம் அதிகம்.

1999-ல் நிலைமை மாறியது. ஹோலிஃபீல்ட் சண்டைக்கு பிரிட்டனிலிருந்து ஆயிரக்கணக்கானோர் நியூயார்க்குக்குப் பறந்தார்கள். அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமை விருதை பி.பி.சி. அவருக்குத்தான் கொடுத்தது. ஏற்றுக்கொண்டார்கள், உண்மைதான். ஆனால் ப்ரூனோ மேல் வைத்த பாசம் கடைசி வரை இவர் மேல் வரவில்லை.

‘இருபதாம் நூற்றாண்டின் முதல் பிரிட்டிஷ் ஹெவிவெயிட் சாம்பியன்’ என்கிறார்களே, அது சரியா?

சரிதான். ஆனால் அந்தப் பட்டம் அவருக்கு வந்த விதம் கொஞ்சம் கோணல். 1992 அக்டோபரில் லண்டன் எர்ல்ஸ் கோர்ட்டில் டோனவன் ரடாக்கை இரண்டே ரவுண்டில் சாய்த்தார். ரடாக் ஜமைக்காவில் பிறந்த கனடியர். அந்தச் சண்டையில் யாருக்குக் கைதட்டுவது என்று கிச்சனர்காரர்கள் திண்டாடியிருப்பார்கள். அந்த வெற்றியால், அடுத்த மாதம் சாம்பியன் ஆன ரிடிக் போவோடு மோதும் உரிமை கிடைத்தது. போவோ லூயிஸோடு மோத விரும்பவில்லை. லண்டனில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, உலகப் பட்டம் தரும் அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.சி.யின் பெல்ட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டார். அந்தப் பட்டம் லூயிஸுக்கு அறிவிக்கப்பட்டது. சியோலில் தன்னை அடித்தவரைத் தொழில்முறையில் போ கடைசி வரை சந்திக்கவே இல்லை.

லூயிஸுக்கு முந்தைய பிரிட்டிஷ் சாம்பியன் பாப் ஃபிட்ஸ்சிம்மன்ஸ். 1897-ல் அமெரிக்காவின் கார்சன் சிட்டியில் ஜேம்ஸ் கார்பெட்டை வயிற்றுக்குழியில் குத்திச் சாய்த்தவர். அவரைப் பற்றி யாரும் அதிகம் சொல்லாத ஒன்று: கார்ன்வாலில் பிறந்தாலும், சிறுவயதிலேயே குடும்பத்தோடு நியூசிலாந்தின் டிமாரு ஊருக்குப் போய், அங்கே கொல்லுப்பட்டறையில் உடம்பை வளர்த்தவர். ஆஸ்திரேலியாவில் தொழில் பழகி, அமெரிக்காவில் சாம்பியன் ஆனார். நியூசிலாந்துக்காரர்கள் இன்றைக்கும் அவரைத் தங்கள் ஆள் என்பார்கள். லூயிஸின் பிரிட்டிஷ்தனத்தைச் சந்தேகிக்கிறவர்கள், அவருக்கு முந்தைய ஆளையும் அதே தராசில் வைத்துப் பார்க்க வேண்டும்.

கனடாவின் கணக்கும் இப்படியே. 1906-ல் பட்டம் வென்ற டாமி பர்ன்ஸ் ஒன்டாரியோவில் பிறந்தவர், சரி. 1986-ல் டபிள்யூ.பி.சி. சாம்பியன் ஆன ட்ரெவர் பெர்பிக்கோ, 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கில் ஜமைக்காவுக்காக ஆட வந்து கனடாவிலேயே தங்கிவிட்டவர்.

ஜமைக்கா எங்கே வருகிறது?

வீட்டுச் சாப்பாட்டில், இசையில், பேச்சில் என்று எல்லாவற்றிலும். ரெகே இசை முழங்க ரிங்குக்கு வருவார். ஓய்வுக்குப் பிறகு மனைவியோடும் பிள்ளைகளோடும் ஜமைக்காவிலும் மயாமியிலுமாக வாழ்க்கை. ஜமைக்காவுக்காக அவர் ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. ஆனால் அங்கே யாரும் அவரிடம் ‘நீ யார்’ என்று கேட்டு நச்சரித்ததாகவும் தெரியவில்லை.

1999-ல் ஹோலிஃபீல்ட் சண்டை டிரா ஆனதில் நாட்டு அரசியல் இருந்ததா?

மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அன்று லூயிஸ்தான் ஜெயித்தார் என்பது பார்த்த பெரும்பாலானோர் கருத்து. மூன்று நீதிபதிகள். அமெரிக்க நீதிபதி ஹோலிஃபீல்டுக்கு 115-113 கொடுத்தார். உடனே ‘சொந்த ஊர்க்காரருக்குச் சலுகை’ என்று கூச்சல். தென்னாப்பிரிக்க நீதிபதி லூயிஸுக்கு 116-113. மூன்றாவது ஆள் 115-115 என்று சமன் போட்டதால்தான் டிரா ஆனது. அந்த மூன்றாவது ஆள் பிரிட்டிஷ்காரர்! சதி என்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸில் மறுபடி மோதி, மூன்று நீதிபதிகளின் ஒருமித்த தீர்ப்போடு லூயிஸ் வெவ்வேறு அமைப்புகளின் பட்டங்களை ஒன்றாக்கினார்.

சரி, உங்கள் தீர்ப்பு என்ன?

என்னைக் கேட்டால் அவர் கனடாவின் வீரர். ரிங்கில் ஒரு ஆளை உருவாக்குவது முதல் பத்து வருடம்: கால் வைப்பது, ஜாப் (முன்கையால் விடும் நேர்க்குத்து) போடுவது, அடிவாங்கினால் என்ன செய்வது, தோற்ற பிறகு எப்படித் திரும்ப வருவது. லூயிஸுக்கு அந்தப் பத்து வருடமும் கிச்சனரில். பிரிட்டன் அவருக்கு மேடையும் பட்டமும் கொடுத்தது. பிறகு அமெரிக்காவின் டெட்ராய்டைச் சேர்ந்த இமானுவல் ஸ்டுவர்ட் அவரைச் செதுக்கி முடித்தார். ஸ்டுவர்ட் வந்த கதையே தனி. 1994-ல் வெம்பிளியில் ஆலிவர் மெக்கால் இரண்டாவது ரவுண்டில் லூயிஸைச் சாய்த்தபோது, மெக்காலின் மூலையில் நின்று அந்த அடிக்கு வழி சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். லூயிஸ் கோபப்படாமல் அவரையே தன் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்.

லூயிஸ் தன்னை பிரிட்டிஷ்காரர் என்றே சொல்லிக்கொண்டார், அது அவர் உரிமை. நான் சொல்வது ரசிகர்கள் உரிமை கொண்டாடுவது பற்றி மட்டும்.

ஏன் ஓய்வு பெற்றார்?

2003 ஜூன் 21, லாஸ் ஏஞ்சலஸ். முதலில் ஒப்பந்தமான எதிராளி கர்க் ஜான்சன் என்ற கனடியர். அவர் காயத்தால் விலக, இரண்டு வாரத்துக்குள் உக்ரைனின் விட்டாலி கிளிட்ச்கோவோடு என்று மாறியது. லூயிஸ் அன்று 256½ பவுண்டு, ஏறத்தாழ 116 கிலோ. அவர் வாழ்க்கையிலேயே அதிகபட்ச எடை. இரண்டாவது ரவுண்டிலேயே கிளிட்ச்கோவின் வலதுகை அவரைத் தள்ளாட வைத்தது. மூன்றாவதில் லூயிஸின் ஒரு குத்து கிளிட்ச்கோவின் இடது கண்ணுக்கு மேல் கிழித்தது. ஆறு ரவுண்டு முடிந்ததும், தலையை அசைத்தால்தான் கிளிட்ச்கோவால் மருத்துவரைப் பார்க்க முடிந்தது. கிழிந்த இமை கண்ணை மறைத்துத் தொங்கியது. மருத்துவர் சண்டையை நிறுத்தச் சொன்னார். அந்த நேரத்தில் மூன்று நீதிபதிகளின் அட்டையிலும் கிளிட்ச்கோ 58-56 என்று முன்னிலையில் இருந்தார்.

2004 பிப்ரவரி 6 அன்று லண்டனில் ஓய்வை அறிவித்தார். வயது 38.

கிளிட்ச்கோவுக்குப் பயந்து ஓடிவிட்டார் என்கிறார்களே?

மறுமோதல் நடந்திருந்தால் கிளிட்ச்கோ ஜெயித்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்பதை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் ‘ஓடினார்’ என்பது அபத்தம். மெக்காலிடம் விழுந்து எழுந்து மறுபடி மோதியவர். 2001-ல் தென்னாப்பிரிக்காவில் ஹாசிம் ரஹ்மான் அடித்துப் படுக்க வைத்த பிறகு ஏழே மாதத்தில் அவரையே நாலாவது ரவுண்டில் தூங்க வைத்தவர். மறுமோதல் என்றால் பின்வாங்கும் ஆள் அல்ல. 38 வயதில் தன் உடம்பைப் பற்றி அவருக்குத் தெரிந்த ஒன்று, நமக்கு டிவியில் தெரியாமல் இருந்திருக்கும்.

ஓய்வுக்குப் பின் சீக்கிரமே திரும்பியிருந்தால் ஜெயித்திருப்பாரா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. ஏனென்றால் 2006 வாக்கில் ஹெவிவெயிட் பட்டங்கள் யார் கையில் இருந்தன என்று பாருங்கள். டபிள்யூ.பி.சி. பட்டம் அந்த ஆண்டின் முதல் பாதியில் ஹாசிம் ரஹ்மானிடம், அதாவது லூயிஸ் ஏற்கனவே நாக்அவுட் செய்தவரிடம். ஆகஸ்டில் அவரிடமிருந்து அதைப் பறித்தவர் ஓலெக் மஸ்காயெவ். நவம்பரில் டபிள்யூ.பி.ஓ. பட்டம் ஷானன் பிரிக்ஸிடம். அவரையும் லூயிஸ் 1998-ல் அடித்து முடித்திருந்தார். டபிள்யூ.பி.ஏ. பட்டம் ஏழடி உயர ரஷ்யர் நிக்கோலாய் வாலுயெவிடம். விட்டாலி கிளிட்ச்கோவோ காயங்களால் 2005 நவம்பரில் தானே விலகியிருந்தார்.

நாற்பது, நாற்பத்தொரு வயது லூயிஸ் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தால், இவர்களில் ஒருவரிடமிருந்தாவது பெல்ட்டைப் பறித்திருப்பார் என்பது என் கணிப்பு. விட்டாலியின் தம்பி விளாதிமிர் கிளிட்ச்கோ மட்டும் வேறு கதை. விளாதிமிரின் பயிற்சியாளர் அப்போது யார் தெரியுமா? அதே இமானுவல் ஸ்டுவர்ட். லூயிஸின் ஒவ்வொரு பலவீனமும் தெரிந்த மனிதர் எதிர் மூலையில் நின்றிருப்பார். மெக்கால் கதை மறுபடி நடந்திருக்கும்.

ஜார்ஜ் ஃபோர்மன் 45 வயதில் சாம்பியன் ஆனாரே?

எல்லாத் திரும்பி வருதல் வாதமும் கடைசியில் ஃபோர்மனிடம்தான் போய் நிற்கும். 1977-ல் விலகி, மதபோதகராகிப் பத்து வருடம் கழித்து 1987-ல் திரும்பினார். 1994 நவம்பர் 5 அன்று மைக்கேல் மூரரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தார். அந்தக் குத்து விழும் வரை புள்ளிகளில் மூரர்தான் வெகுவாக முன்னால். இருபது வருடத்துக்கு முன் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு அரைக்காற்சட்டையை ஃபோர்மன் அன்று போட்டிருந்தார்.

ஆனால் இதில் கவனிக்க வேண்டியது, அவர் அவசரப்படவில்லை. ஏழு வருடம் சின்னச் சின்ன ஆட்களோடு மோதி உடம்பைப் பழக்கினார். நடுவில் ஹோலிஃபீல்டிடமும் டாமி மாரிசனிடமும் தோற்றார். அப்புறம், அவருடைய ஆயுதம் குத்தின் பலம். வயதானால் கடைசியாகப் போவது அதுதான். முதலில் போவது காலும் கண்ணின் வேகமும். லூயிஸின் ஆட்டம் முழுக்கத் தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடும் ஆட்டம். ஜாப் அரை நொடி தாமதித்தால் அந்தக் கணக்கு மொத்தமும் குலைந்துவிடும்.

ஓய்விலிருந்து திரும்பிய மற்ற சாம்பியன்கள் கதி தெரிந்ததுதான். ஜெஃப்ரீஸ் 1910-ல் திரும்பி ஜாக் ஜான்சனிடம் அடிவாங்கினார். ஜோ லூயிஸ் வரிக்கடனுக்காகத் திரும்பி, 1951-ல் மார்சியானோ அடித்ததில் கயிற்றுக்கு வெளியே போய் விழுந்தார். முகமது அலி 1979-ல் ஓய்வை அறிவித்துவிட்டு, 1980 தொடக்கத்தில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை ஆடினார். எம்.ஜி.ஆரும் அவரும் சேர்ந்து நிற்கும் படங்கள் இன்றும் வட சென்னைக் குத்துச்சண்டைக் கூடங்களில் பெருமையாகப் பேசப்படும். அலி அதோடு நின்றிருக்கலாம். அதே ஆண்டு அக்டோபரில் அன்றைய சாம்பியன் லேரி ஹோம்ஸ் முன்னால் போய் நின்று, பதில் குத்துகூட விட முடியாமல், பத்து ரவுண்டு முடிந்ததும் அவருடைய மூலையில் நின்ற பயிற்சியாளரே சண்டையை நிறுத்த வேண்டியதாயிற்று.

வெற்றிகரமாகத் திரும்பியதில் இன்னொருவர், விட்டாலி கிளிட்ச்கோவே. கிட்டத்தட்ட நாலு வருட இடைவெளிக்குப் பின் 2008-ல் பெர்லினில் சாமுவேல் பீட்டரை ஒன்றுமில்லாமல் செய்தார். அப்போது அவருக்கு 37 வயது. கிளிட்ச்கோ திரும்பிய வயதில்தான் லூயிஸ் கடைசிச் சண்டையை ஆடினார்.

இப்போது திரும்ப வாய்ப்பு உண்டா? டைசனோடு காட்சிச் சண்டை என்றெல்லாம் பேச்சு வந்ததே?

வந்தது. டைசன் 2020-ல் ராய் ஜோன்ஸோடு காட்சிச் சண்டை ஆடிய பிறகு லூயிஸ் பெயரும் அடிபட்டது. 2002-ல் மெம்ஃபிஸில் லூயிஸ் டைசனை எட்டாவது ரவுண்டில் படுக்க வைத்த சண்டைக்கு இரண்டாம் பாகம் போட்டால் பணம் கொட்டும் என்று கணக்குப் போட்டார்கள். நடக்கவில்லை. நடக்காததே நல்லது. 2021-ல் 58 வயது ஹோலிஃபீல்ட் ஒரு முன்னாள் கலப்புச் சண்டை வீரரிடம் முதல் ரவுண்டே தாண்டாமல் விழுந்ததையும், 2024-ல் அதே 58 வயதில் டைசன் இரண்டு நிமிட ரவுண்டுகளிலேயே மூச்சு வாங்கியதையும் பார்த்தோம்.

லூயிஸ் அறுபதைத் தொட்டாயிற்று. நிஜச் சண்டைக்கு வாய்ப்பு பூஜ்யம். மனசாட்சி உள்ள எந்த ஆணையமும் அந்த வயதில் உரிமம் தராது. தரும் ஆணையம் இருந்தாலும் அவர் போக மாட்டார் என்றே நினைக்கிறேன்.

எல்லோரும் திரும்பி வரும்போது இவர் மட்டும் ஏன் வரவில்லை?

திரும்பி வருபவர்களைப் பெரும்பாலும் இரண்டு விஷயம் இழுக்கிறது: கடன், அல்லது கூட்டத்தின் சத்தம். லூயிஸ் பணத்தைக் காப்பாற்றிக்கொண்டார். ஓய்வுக்குப் பின் எச்.பி.ஓ.வில் வர்ணனையாளராகவும் இருந்தார். கூட்டத்தின் சத்தத்தைப் பொறுத்தவரை எனக்கு ஒரு எண்ணம் உண்டு. பிரிட்டன் அவரை அரை மனதோடு ஏற்றது, கனடா அரை மனதோடு விட்டுக்கொடுத்தது, அமெரிக்கா ‘போரடிக்கிற சாம்பியன்’ என்றது. ரசிகர்களின் பாசத்தில் வாழ்ந்து பழகாதவருக்கு, அதை விட்டு வருவதும் பெரிய கஷ்டமாக இருந்திருக்காது. ப்ரூனோவாக இருந்தால் ஊரே கெஞ்சிக் கூப்பிட்டிருக்கும்.

ஜீன் டன்னி, ராக்கி மார்சியானோ, லூயிஸ்: சாம்பியனாக இருக்கும்போதே விலகி, திரும்பி வராத ஹெவிவெயிட்கள் என்றால் வழக்கமாகச் சொல்லப்படும் மூன்று பெயர்கள் இவை.

இதுவரை அவர் சண்டை எதையும் பார்த்ததில்லை. எதிலிருந்து தொடங்கலாம்?

ரஹ்மானோடு நடந்த இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். முதலாவதில் கயிற்றில் சாய்ந்து அலட்சியமாகச் சிரிக்கும் லூயிஸ் தெரிவார், அடுத்த கணம் அந்த வலதுகை வரும். இரண்டாவதில் சிரிப்பே இருக்காது. கிளிட்ச்கோ சண்டையைப் பார்ப்பதாக இருந்தால் ஆறாவது ரவுண்டைத் தவறவிடாதீர்கள். மூச்சு வாங்கிக்கொண்டே லூயிஸ் கீழிருந்து மேலாக விடும் அந்த அப்பர்கட்டை வாங்கியும் கிளிட்ச்கோ எப்படி நின்றார் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை. மெக்காலோடு நடந்த 1997 மறுமோதலை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடு ரிங்கில் மெக்கால் அழுகிறார், கையைத் தூக்க மறுக்கிறார். அதைக் குத்துச்சண்டை என்றே சொல்ல முடியாது.